அணில்பிள்ளைக்கு டின் பால் வேண்டாம்

மட்டை வெட்டுகிறவர்களுக்கும் குலை வெட்டுகிறவர்களுக்கும் இது புதிய காட்சி இல்லை. மேலே அரிவாள் விழும், மட்டை சாயும், அதோடு சேர்ந்து தேங்காய் அளவில் ஒரு நார் உருண்டையும் கீழே வந்து விழும். ஏதோ குப்பை என்று காலால் தள்ளிப் பார்த்தால் உள்ளேயிருந்து ‘கீச் கீச்’ என்று சத்தம் வரும். பிரித்தால் மயிர் முளைக்காத, கண் திறக்காத இரண்டு மூன்று உயிர்கள், ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடக்கும். அணில் குட்டிகள்!

அப்புறம் நடப்பதும் நமக்குத் தெரிந்ததுதான். யாராவது ஒருவர் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவார். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடும். “அம்மா, டின் பால் கலக்கிக் குடும்மா!” என்று கூச்சல். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, பாலில் தோய்த்து வாயில் வைப்பார்கள். முதல் நாள் குட்டி சப்பிக் குடிக்கும். மறுநாள் வயிறு கழியும். மூன்றாம் நாள் காலையில் சப்பாத்துப் பெட்டிக்குள் விறைத்துக் கிடக்கும். பிள்ளைகள் அழுதுகொண்டே வாழைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு செம்பருத்திப் பூவை வைத்துவிட்டு வரும்.

நாமும் அப்படிப் புதைத்திருக்கிறோம். எத்தனை என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. “காட்டு சீவன், வீட்டுல தங்காது” என்று பெரியவர்கள் ஆறுதல் சொன்னார்கள், நாமும் நம்பினோம். குட்டி தங்காமல் போனதற்குக் காரணம் காடு இல்லை, நம் கையில் இருந்த டின்தான் என்பது தலை நரைத்த பிறகே நமக்குத் தெரிந்தது. தெரிய வைத்தவர் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த ஒரு பாட்டி. தோட்டமே அவரை ஆயாம்மா என்றுதான் கூப்பிடும். நாமும் அப்படியே சொல்லிவிடுகிறோம்.

கதைக்குப் போகுமுன் இந்த அணில் யார் என்று ஒரு வார்த்தை. நம் பாட்டன் பூட்டன் ஊரில் பார்த்த அணிலுக்கு முதுகில் மூன்று கோடு இருக்கும். இராமர் தடவிக் கொடுத்த கோடு என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த மலேசிய மண்ணின் அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. முதுகு பழுப்பு, விலாவில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரு வெளிர் கோடும் ஒரு கறுப்புக் கோடும், வயிறு செங்கல் நிறம். மலாய்க்காரர்கள் ‘துப்பாய் மேரா’ என்றும் ‘துப்பாய் பினாங்’ என்றும் சொல்வார்கள். ரப்பர் காடு, செம்பனை, தென்னை, டுரியான் தோப்பு, பட்டணத்துத் தாமான் என்று மரம் உள்ள இடத்தில் எல்லாம் இது உண்டு. சிங்கப்பூர் பூங்காக்களிலும் இதே அணில்தான். தமிழில் நாம் கீரியையும் கிளியையும் தென்னங்கன்றையும் ‘பிள்ளை’ என்று சொல்வது போல இதையும் அணில்பிள்ளை என்கிறோம். புலிக்குட்டியை யாராவது புலிப்பிள்ளை என்கிறார்களா?

ஆனால் நிர்வாகத்துக்கு இது பிள்ளை இல்லை, பூச்சி மருந்துக் கணக்கில் வரும் பகையாளி. செம்பனைப் பழத்தைக் கடிக்கும். இளநீர்க் காயைத் துளைக்கும். 1980-களில் கொக்கோ போட்ட தோட்டங்களில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், காய் பழுக்குமுன்னே ஓட்டை போட்டுவிட்டுப் போகும் என்பார்கள். “இதைப் போய் வளர்க்கிறீங்களே, உங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்று அந்தத் தோட்டத்து மண்டோரே ஆயாம்மாவிடம் கேட்டார். அதற்குக் கிழவி சொன்ன பதில்: “நீயும் சின்னப்பிள்ளையில என் கொட்டகையில நாலு தடவை கழிஞ்சவன்தான். உன்னை வளர்க்கலையா?” மண்டோர் அதன்பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு அந்தத் தோட்டத்தில் மறுநடவு நடந்தது. செம்பனைக்கு இருபத்தைந்து வயது ஆனால் காய் பறிக்க எட்டாத உயரம், விளைச்சலும் இறங்கிவிடும். மண்வாரி இயந்திரம் வந்து மரத்தைத் தள்ளும். தள்ளிய மரத்தை அங்கேயே சீவிப் போடும். ஒரு நாளில் எத்தனை மரம் சாயும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மரங்களின் கொண்டையில் குடியிருந்தவை எங்கே போகும்? ஓடத் தெரிந்தது ஓடும். ஓடத் தெரியாதது?

வங்காளதேசத்துத் தம்பி ஒருவர், அந்தத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், மாலையில் தன் தலைக்கவசத்தைக் கவிழ்க்காமல் கையில் ஏந்திக்கொண்டு ஆயாம்மா வீட்டு வாசலில் நின்றார். உள்ளே மூன்று குட்டிகள். “நெனெக், இனி மாசே ஹிடூப்” என்றார். பாட்டி, இது இன்னும் உயிரோட இருக்கு என்று அர்த்தம். நாம் அன்று வேறொரு விஷயமாக அங்கே போயிருந்தோம். பழக்க தோஷம், நம் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, “டின் பால் இருக்கா?”

ஆயாம்மா நம்மை ஒரு பார்வை பார்த்தார். “குளுந்து போய்க் கிடக்குற பிள்ளைக்குப் பாலா? முதல்ல சூடு குடு.”

இதுதான் முதல் பாடம். தாய் உடம்பின் சூடு போன குட்டிக்கு வயிறு வேலை செய்யாது. அந்த நேரத்தில் பால் ஊற்றினால் அது செரிக்காமல் உள்ளேயே கெட்டுப்போகும். குட்டியைத் தொட்டுப் பார்க்கும்போது நம் கைக்கு ஜில்லென்று இருந்தால் அதற்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக்கூடாது. ஆயாம்மா மூன்றையும் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு, அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் பேத்தி ஒரு பழைய தண்ணீர்ப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி, அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தாள். ஒரு பக்கத்தில் மட்டும்தான். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்து போக இடம் வேண்டும் அல்லவா? பெட்டிக்குள் பழைய பனியன் துணி. துவாலைத் துணி கூடாது. அதன் நூலில் நகம் மாட்டிக்கொள்ளும். பெட்டியை வெயிலில் வைப்பதும் கூடாது.

சூடு வந்து குட்டிகள் நெளிய ஆரம்பித்த பிறகு உடம்பை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீழே விழுந்த குட்டியை முதலில் மொய்ப்பது எறும்பு, அடுத்தது ஈ. காதுக்குள், கால் இடுக்கில், வாலடியில் எறும்பு கடித்துத் தொங்கும். ஈ முட்டை அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும். விட்டுவிட்டால் புழுவாகி உயிரோடு தின்றுவிடும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் அதை எல்லாம் மெல்லத் தள்ளினார். குளிப்பாட்டவில்லை. குளிப்பாட்டினால் சேர்த்த சூடெல்லாம் போய்விடும்.

இங்கே ஒன்றைக் குறுக்கே சொல்லியாக வேண்டும். இந்த மூன்றுக்கும் தாயைத் தேட வழியில்லை. மரமே இல்லாமல் போய்விட்டது. ஆனால் சாதாரணமாக மட்டை வெட்டும்போதோ புயல் காற்றிலோ விழுந்த குட்டி என்றால், அதை வீட்டுக்குக் கொண்டு வருவதே தப்பு. “மனுஷ வாடை பட்டா தாய் சேர்க்காது” என்று நம்மில் பலர் சொல்கிறோம். அது உண்மை இல்லை. அணில் தாய் குட்டியைத் தேடி வரும். வாயில் கவ்வி ஒவ்வொன்றாக வேறு கூட்டுக்குத் தூக்கிப் போகும். பெரும்பாலும் அதற்கு இன்னொரு கூடு தயாராகவே இருக்கும். ஆகவே குட்டியைச் சூடாக்கி, மூடி இல்லாத சின்னப் பெட்டியில் வைத்து, விழுந்த மரத்திலோ பக்கத்து மரத்திலோ தோள் உயரத்தில் கட்டிவிட்டு, நாயையும் பூனையையும் விரட்டிவிட்டு, தூரமாகப் போய் நில்லுங்கள். பெட்டி கட்டிய கயிற்றில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. அணில் பகலில் நடமாடும் பிராணி. பொழுது சாய்ந்தால் வராது. மாலை வரை வராவிட்டால் இரவு வீட்டில் வைத்துச் சூடு கொடுத்து, மறுநாள் காலையில் திரும்ப ஒரு தடவை கட்டிப் பார்க்கலாம். நிரை முடிக்க வேண்டிய அவசரத்தில் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் இரவெல்லாம் எழுந்து பால் ஊட்டுவதைவிட இது சுலபம். எந்த மனிதரும் தாய் அணிலுக்கு ஈடாக மாட்டார்.

சரி, ஆயாம்மா வீட்டுக்குத் திரும்புவோம்.

சூடான பிறகும் அவர் பால் கொடுக்கவில்லை. மருந்தகத்தில் கழிச்சலுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள் பொட்டலத்தை, பொட்டலத்தில் போட்டிருந்த கணக்குப்படி கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, வெதுவெதுப்பாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார். முதுகுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் கூடாரம் மாதிரி நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கொட்டகையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படிக் கிள்ளிப் பார்த்த கை அது.

பாலுக்கு அவருக்கும் வழி தெரியவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மறுநாள் பட்டணத்தில் மிருக வைத்தியரிடம் கேட்டுவரும் வேலை நம் தலையில் விழுந்தது. அவர் சொன்னது இதுதான். அணிலின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம், சர்க்கரை குறைவு. டின் பால் நேர்மாறு. பாதிக்குக் கிட்டத்தட்டச் சர்க்கரைதான். அணில் குட்டியின் குடல் அதைத் தாங்காது, கழியும். கழிந்தால் ஒன்றரை நாளில் முடிந்துவிடும். பசும்பாலும் ஆகாது. இப்போது கடையில் கிடைக்கும் டின்களில் பலவற்றில் பால்கூட முழுதாக இல்லை, செம்பனை எண்ணெய் சேர்த்த ‘கிரீமர்’தான். மரத்தைத் தள்ளிக் குட்டியை அநாதையாக்கி, அதே மரத்து எண்ணெயை அதன் வாயில் ஊற்றுகிறோம்! நாய்க்குட்டிகளுக்கென்று செல்லப்பிராணிக் கடைகளில் பால் மாவு விற்கிறார்கள். அதுதான் ஓரளவு பொருந்தும். கிடைக்கும்வரை ஓரிரு நாளைக்கு ஆட்டுப்பால் கொடுத்துச் சமாளிக்கலாம். பால் மாவு விலை அதிகம்தான். நாமும் அந்த வங்காளதேசத்துத் தம்பியும் பேத்தியும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினோம்.

ஊட்டுவதற்கு ஒரு மில்லி பிடிக்கும் ஊசிக் குழாய், ஊசி இல்லாமல். மருந்துக் கடையில் சில காசுக்குக் கிடைக்கும். அளவு, குட்டியின் எடையில் இருபதில் ஒரு பங்கு. நாற்பது கிராம் குட்டி என்றால் ஒரு வேளைக்கு இரண்டு மில்லி. மாவு நிறுக்கும் சின்னத் தராசில் பேத்தி தினமும் காலையில் நிறுத்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தாள். இரண்டரை மணிக்கு ஒரு தடவை, இல்லையென்றால் மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவிலும்தான். “ராத்திரியிலுமா?” என்று நாம் வாயைப் பிளந்தோம். “உங்க அம்மா எழும்பாமலா நீங்க இத்தனை பெரிசா வளர்ந்தீங்க தம்பி?” என்றார் ஆயாம்மா.

ஒவ்வொரு வேளையும் பால் கொடுத்த பிறகு வெந்நீரில் நனைத்த பஞ்சால் குட்டியின் வாலடியை மெல்லத் தடவ வேண்டும். தாய் அணில் நக்கிவிடும் வேலை அது. தடவாவிட்டால் கண் திறக்காத குட்டிக்குத் தானாகச் சிறுநீர் போகத் தெரியாது, உப்பிச் செத்துப்போகும். சிறுவயதில் நாம் புதைத்தவற்றில் எத்தனை குட்டிகள் இதனால் போனதோ! யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது.

இனி நாம் சொல்ல விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்காம் நாள் நாம் மறுபடியும் அங்கே போனோம். ஆயாம்மாவுக்கு இடுப்பு வலி. “நீங்க ஒரு வேளை குடுங்க” என்று குழாயை நம் கையில் கொடுத்தார். குட்டியைக் குப்புற வைத்து, தலை மட்டும் நிமிர்ந்திருக்க, ஒரு சொட்டு விழுங்கியபின் அடுத்த சொட்டு, இதுதான் முறை. கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போடவே கூடாது. முறை எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் மூன்றில் சின்னது ஆவலாகச் சப்பியது. அதன் பசியைப் பார்த்து நமக்கு அவசரம். கட்டைவிரல் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டது. பால் மூக்கு வழியாகக் குமிழியிட்டது. ஆயாம்மா பிடுங்கித் தலைகீழாகச் சாய்த்துத் துடைத்தார். அன்றிரவு அது மூச்சு விடும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டதாம். பால் நுரையீரலுக்குள் போய்விட்டது. இரண்டாம் நாள் இறந்தது. ஆயாம்மா நம்மைக் குறை சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோதும் குழாயை நம் கையில்தான் கொடுத்தார். கை நடுங்கியது. ஒரு சொட்டு, நிறுத்து. ஒரு சொட்டு, நிறுத்து. அப்படித்தான் பழகினோம்.

மற்ற இரண்டும் பிழைத்தன. ஒன்று ஆண், ஒன்று பெண். மயிர் வந்தது, கண் திறந்தது, விலாவில் கோடு தெரிந்தது. கண் திறந்த பிறகு வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் சோதனை. அதுவரை புழு மாதிரி இருந்தது, திடீரென்று அழகாகிவிடுகிறது! சட்டைக்குள் புகுந்து தோளில் ஏறி, காது மடலை முகர்ந்து பார்க்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் தூக்க வேண்டும் என்கிறார்கள். கைத்தொலைபேசியில் படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆயாம்மா கதவைச் சாத்திவிட்டார். அவரும் பேத்தியும் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. நமக்கும் சேர்த்துத்தான்! மனிதரையும் பூனையையும் கண்டு பயப்படத் தெரியாத அணில், மரத்துக்குப் போன மறுநாளே செத்துப்போகும்.

இந்த இடத்தில் நமக்குத் தெரிந்த இன்னொரு வீட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்குக் குடிபோன குடும்பம், நல்ல மனிதர்கள். ஒரு அணிலைக் குட்டியிலிருந்து கூண்டில் வளர்த்தார்கள். வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, பிஸ்கட்டு, இவைதான் சாப்பாடு. அதுவும் கேட்டு வாங்கித் தின்னும். எட்டு மாதத்தில் பின்னங்கால் இரண்டும் இழுக்க ஆரம்பித்தது. விழுந்துவிட்டதோ என்று நினைத்தார்கள். விழவில்லை. சுண்ணாம்புச் சத்து இல்லாத தீனி, வெயில் படாத கூண்டு. எலும்பு உள்ளேயே கரைந்துவிட்டது. வைத்தியர் மருந்து கொடுத்தார், காலம் கடந்துவிட்டது. அந்த வீட்டு அம்மா நம்மிடம், “நாங்க ஒரு நாள்கூட அதைப் பட்டினி போட்டதில்லைங்க” என்று சொல்லி அழுதார்.

ஆகவே கடலையும் விதையும் எப்போதாவது ஒன்றுதான். ஆயாம்மா வீட்டில் கொடுத்தது கொய்யாக் கொழுந்து, செம்பருத்தி இலையும் பூவும், சோளம், பப்பாளி, கொய்யா, ரம்புத்தான், இளந்தேங்காய்க் கீற்று. வெட்டுக்கிளி, கறையான் பிடித்துப் போடும் வேலை லயத்துப் பையன்களுக்கு. அணில் பழம் மட்டும்தான் தின்னும் என்று நினைக்காதீர்கள். எறும்பு, பூச்சி எல்லாம் தின்னும். கடிக்கப் பச்சைக் கிளை வேண்டும். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் சாதி அது. பாலையும் திடீரென்று நிறுத்தவில்லை. அவையே முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார்.

இனி கூண்டு. மண்டோர் மறுபடி வந்தார். வந்தவர் கேலி பேசவில்லை. பழைய கோழிக் கூண்டு ஒன்றின் சட்டத்தைச் சுமந்து வந்தார். கோழிக் கம்பியின் ஓட்டை பெரிது, பாம்பு நுழையும் என்று, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்தார்கள். ஆள் உயரம். மேலே பாதி தகரம், பாதி திறப்பு, மழையும் வெயிலும் படட்டும் என்று. உள்ளே மரக்கிளைகள், மேல் மூலையில் சின்ன ஓட்டை போட்ட பலகைப் பெட்டி, கூட்டுக்கு. தேங்காய் நாரைக் கீழே போட்டார்கள். ஒரே இரவில் இரண்டும் அதை வாரிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் திணித்து உருண்டையாக்கிவிட்டன! யார் சொல்லிக் கொடுத்தது? கூண்டுக்கு மேலே பருந்து நிழல் போனால் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டன. பேத்தி கிட்டே போனாலும் வாலை உதறி ‘ச்சக் ச்சக்’ என்று கத்தின. அவளுக்கு முகம் வாடிவிட்டது. “ஏசுதுங்க ஆயா!” என்றாள். “ஏசட்டும், நல்லாத் திட்டட்டும்” என்று கிழவிக்கு ஒரே சந்தோஷம்.

எங்கே விடுவது என்பதில்தான் பெரிய பேச்சு நடந்தது. மறுநடவு செய்த இடம் வெட்டவெளி. கன்றுகளுக்கு நடுவே ஒரு கிளை இல்லை. பழைய செம்பனை நிரைகளில் எலி மருந்துக் கட்டி வைத்திருந்தார்கள். யாராவது ஒருவருடைய டுரியான் தோப்பில் விட்டால் அவர் லாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு நிற்பார். அதுவும் நியாயம்தானே, அவர் பிழைப்பு அது. கடைசியில் ஆற்றோரம், வெட்டாமல் விட்ட மரங்கள் நிற்கிற இடம் என்று முடிவானது. அங்கே வேறு அணில்கள் ஓடுவதை அந்த வங்காளதேசத்துத் தம்பி பார்த்திருந்தார். அணில் இருக்கும் இடத்தில் அணிலுக்குத் தீனி இருக்கும். டிராக்டரில் கூண்டை அப்படியே ஏற்றிக் கொண்டுபோய் ஒரு பெரிய மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டின அன்றே திறக்கவில்லை. ஒரு வாரம் அந்தக் காற்றும் சத்தமும் பழகட்டும் என்று, காலையும் மாலையும் போய்த் தீனி வைத்துவிட்டு வந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழைய 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் அபராதம் உண்டு, சிறையும் உண்டு. எந்த அணில் எந்தப் பட்டியல் என்று நாமே முடிவு கட்டாமல், குட்டி கிடைத்தவுடன் பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுவதுதான் நல்லது. கை கால் விரித்துப் பறக்கும் அணிலும், பூனை அளவுள்ள பெரிய மலை அணிலும் கிடைத்தால் கையே வைக்காதீர்கள், அவர்களையே கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, கிளினிக்குக்குப் போங்கள். அணிலால் வெறிநோய் வருவது மிக அரிது. ஆனால் எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் போன்றவை எந்தக் கொறிக்கும் பிராணியிடமும் இருக்கலாம். ஜெர்மனியில் 2011-க்கும் 2013-க்கும் இடையில், வெளிநாட்டு அணில் வளர்த்த மூன்று பேர் அணிலிடமிருந்து தொற்றிய கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்து இறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் அணிலுக்கு முத்தம் கொடுப்பதும், அதே கையோடு பசியாறுவதும் வேண்டாம்.

திறந்த நாள் மழை இல்லாத காலை. வயிறு நிறையத் தின்ன வைத்து, ஏழரை மணிக்கு ஆயாம்மா கதவைத் திறந்து கம்பியால் கட்டி நிறுத்தினார். நாமெல்லாம் ஆற்று மேட்டில் தள்ளி உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மண்டோர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து ஆயாம்மாவின் பார்வையைப் பார்த்து அணைத்தார். பிறகு பெண் அணில் தலையை நீட்டியது, உள்ளே போனது, மறுபடி நீட்டியது. ஒரே ஓட்டம், மரத்தண்டில்! ஆண் அதன் வாலைப் பிடிக்காத குறையாகப் பின்னால். கண் மூடித் திறப்பதற்குள் இலைக்குள் மறைந்துவிட்டன. அணிலை மரம் ஏறவிட்ட நாய் மாதிரி என்று பழமொழி சொல்வார்களே, அப்படி ஆறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

எவ்வளவு கெட்டிக்கார அணிலும் ஒரு நாள் தாவும்போது தரையில் விழும் என்று மலாய்க்காரர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். அன்று பத்து மணிக்கெல்லாம் ஆண் விழுந்தது. மெல்லிய கிளை; பாரம் தெரியாமல் தாவிவிட்டது. பேத்தி எழுந்து ஓடப் போனாள். ஆயாம்மா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். விழுந்தது புல் மேல். உதறிக்கொண்டு எழுந்து, நம்மைப் பார்த்துக் கத்திவிட்டு, மறுபடி அதே மரத்தில் ஏறியது.

கூண்டை உடனே எடுக்கவில்லை. கதவைத் திறந்தே வைத்து, பெட்டியையும் தீனியையும் அப்படியே விட்டிருந்தார்கள். முதல் ஐந்தாறு இரவு இரண்டும் அந்தப் பெட்டியில்தான் வந்து படுத்தன. பிறகு ஆண் வரவில்லை. பெண் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வந்தது. வைத்த தீனியில் பாதி மீந்தது. அப்புறம் முழுவதும் மீந்தது. பதினாறாம் நாள் பேத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து, சோளத்தில் எறும்பு ஏறிக் கிடக்கிறது, பெட்டிக்குள் நார் ஈரமாக இருக்கிறது, யாரும் படுக்கவில்லை என்று சொன்னாள். ஆயாம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மண்டோரிடம், “அந்தக் கூண்டை எடுத்தாந்துடு. கோழி அடைக்கலாம்” என்றார்.

மண்டோர் கூண்டைக் கொண்டு வந்தார். ஆனால் அந்தப் பலகைப் பெட்டியை மட்டும் கழற்றி, உலர்த்தி, பனியன் துணி போட்டு, பால் மாவு டின்னோடு அலமாரி மேல் வைத்திருக்கிறார்கள். அடுத்த நிரைகளுக்கு மண்வாரி எப்போது வரும் என்று அந்த வங்காளதேசத்துத் தம்பி விசாரித்து வைத்திருக்கிறார்.